செத்துவிட்டாள் என்று நான் எழுதிய பெண்

வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்று நீளமாகப் பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எல்லோரும் வந்திருக்கிறீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அட்டைப் போட்டோவில் சிரிக்கிற மாதிரி இன்னும் ஒரு வாரம் சிரிப்பீர்கள். அப்புறம் வெயில், நாய், பூட்டின வீடு, "இப்பத்தானே வந்து எழுதிட்டுப் போனீங்க" என்று கதவைச் சாத்துகிறவர்கள். அதெல்லாம் பழகிவிடும். படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். என்னை "அனுபவத்தைச் சொல்லுங்க டீச்சர்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் நல்ல பெயர் வாங்கிய கதையைச் சொன்னால் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள். அதனால் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நடுவில் யாரும் செல்போனை நோண்டாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நான் இலுப்பூர்ப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த வேலையோடு சேர்த்துத்தான் இந்த வேலையும். என் சொந்த ஊர்ச் சாவடி போக, மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரையும் என் தலையில் கட்டினார்கள். அந்த ஊர் டீச்சர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெரிய தெரு ஒன்று, கண்மாய்க்கு அங்கிட்டு ஒரு குடியிருப்பு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடம்தான் சாவடி. அங்கே யார் யாருக்கு என்ன உறவு, யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற குணமும் அப்போது எனக்கு இல்லை.

பெயர் சேர்க்க எல்லோரும் வருவார்கள். நீக்கத்தான் வரமாட்டார்கள். தாத்தா செத்து ஐந்து வருடமானாலும் பட்டியலில் அவர் பெயரை எடுக்க வீட்டுக்காரர்களுக்கு மனசு வராது. நான் விடமாட்டேன். எங்கே சாவு, எங்கே பதினாறாம் நாள் காரியம் என்று காது வைத்துக் கேட்டு, போய் உட்கார்ந்து எழுதி வாங்கிவிடுவேன். 'என் பட்டியலில் ஒரு பிணம்கூட ஓட்டுப் போட முடியாது' என்று பெருமையடித்துக்கொள்வேன். அந்த வாயை இப்போது நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

ஒருநாள் அந்த ஊர் முகப்பில் ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. ஒரு சின்னப் பெண்ணின் படம். பெயர் கௌசல்யா. பிறந்த தேதி, மறைந்த தேதி, ஆழ்ந்த வருத்தத்துடன் குடும்பத்தார் என்று எல்லாம் முறையாகப் போட்டிருந்தது. கழுத்தை இடது பக்கம் லேசாகச் சாய்த்து, சிரிப்பதற்கு ஒரு நொடி முந்தி எடுத்த மாதிரி முகம். அடப்பாவமே என்று நின்று பார்த்துவிட்டு, மறுநாளே அந்த வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்காரர் பெயர் பழனிவேலு. கடலைக் கொல்லை வைத்திருக்கிற மனிதர், ஒவ்வொரு தேர்தலிலும் அந்தச் சாவடியில் ஒரு கட்சிக்கு ஏஜெண்டாக உட்காருவார். கூடத்தில் நாற்காலி மேல் அதே படத்தை வைத்து, மாலை போட்டு, குங்குமம் வைத்து, விளக்கு ஏற்றியிருந்தார்கள். உள்ளறையில் அவர் சம்சாரம் அழுகிற சத்தம் கேட்டது. அது நடிப்பு அழுகை இல்லை, பெற்றவள் அழுகை. நானும் இரண்டு பிள்ளை பெற்றவள், எனக்குத் தெரியும்.

"என்னங்கய்யா ஆச்சு?"

"போயிருச்சு டீச்சர்" என்றார். மொட்டை அடித்த தலையைத் தடவிக்கொண்டே என் பையைப் பார்த்தார். "பேர எடுக்கத்தானே வந்தீங்க? எடுத்துருங்க. மொத வேலையா எடுத்துருங்க."

எந்த வீட்டிலும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. இறப்புச் சான்றிதழ் கேட்க வாய் வரை வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருக்கிற கூடத்தில், மொட்டைத் தலையோடு நிற்கிற தகப்பனிடம் 'சர்டிபிகேட் எடுங்க' என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன். "ஆமா, போயிருச்சு" என்றார்கள். எதிர்வீட்டிலும் அதே வார்த்தை, அதே குரல். பழனிவேலு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். காரணம் எழுதும் இடத்தில் 'இறப்பு' என்று நான் எழுதினேன். மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, தேதி அறிவிக்கவில்லை. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்தார். அரசுக்காக ஊர் ஊராக உழைக்கிற எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்குப் பாராட்டு. தண்ணீர்த் தொட்டி திறந்துவிடுகிறவர், தபால்காரர், தூய்மைப் பணியாளர்கள், கிராம உதவியாளர்கள், எங்களை மாதிரிப் பட்டியல் பார்க்கிறவர்கள். மனுஷர் ஒப்புக்குச் செய்யவில்லை. ஒவ்வொருவரையும் மேடைக்குக் கூப்பிட்டு, என்ன வேலை செய்கிறார் என்று இரண்டு வரி சொல்லி, தன் கையாலேயே சால்வை போட்டார்.

"ஓட்டுங்கிறது ஆள் மூலமா சொல்லிவிடுற சமாச்சாரம் இல்லைங்க" என்று பேசினார். "நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வருவாங்க, சரி. கால் இருக்கிறவங்க நேர்ல வாங்க. வரிசையில நில்லுங்க. நாலு பேரு பாக்க வெரல நீட்டுங்க. நான் இருக்கேன்னு இந்த நாட்டுக்குச் சொல்ற நாளு அது ஒண்ணுதான்."

மண்டபம் அதிரக் கைதட்டல். அடுத்தது என் பெயர். இந்தத் தொகுதியிலேயே சுத்தமான பட்டியல், இறந்தவர் ஒருவர் பெயர்கூட மிச்சமில்லை என்று வாசித்தார்கள். சால்வை தோளில் விழுந்தது. கேடயத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தேன்.

பக்கவாட்டுக் கதவோரம் அந்தப் படம் நின்றுகொண்டிருந்தது.

படம்தான் என்று நினைத்தேன், அதே முகம், அதே இடதுபக்கச் சாய்வு. ஆனால் மாலை இல்லை. கண் சிமிட்டியது. என்னையே பார்த்தது. கேடயம் நழுவப் பார்த்தது. எப்படியோ இறங்கி வந்து உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் அந்த ஊர்க் கிராம உதவியாளர்.

"அண்ணே, அந்தக் கதவோரம் ஒரு பொண்ணு நிக்கிதே, அது யாரு?"

அவர் திரும்பினார். நேராகக் கதவைப் பார்த்தார். கண் அந்தப் பெண் மேல் பட்டு, சுவரில் நகர்கிற மாதிரி நகர்ந்து, திரும்பி வந்தது.

"யாரும் இல்லையே டீச்சர்" என்றார்.

எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நிமிஷம் பகல் பன்னிரண்டு மணிக்கு, அத்தனை சனம் இருக்கிற மண்டபத்தில், என் கண்ணை நானே நம்பவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் அந்தக் கதவு வழியாகச் சாப்பிடப் போனார்கள். தூணைச் சுற்றிப் போவது போல அவளைச் சுற்றிப் போனார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. வெறுப்பாகப் பார்த்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"டீச்சர், என்னைய எடுத்தது நீங்கதானே?"

திரும்பினேன். அத்தனை கிட்டத்தில் பார்த்தபோது நெற்றியில் வியர்வை, சேலையில் குத்திய ஊக்கு, காலில் தேய்ந்த செருப்பு. அப்பாடா, மனுஷிதான். அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சூடாக இருந்தது.

கண்மாய்க்கு அங்கிட்டு இருக்கிற குடியிருப்புப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். இங்கே அவளைத் தலைமுழுகி, மொட்டை அடித்து, பதினாறாம் நாள் காரியம் செய்து, பிளக்ஸ் கட்டிவிட்டார்கள். ரேஷன் கார்டில் பெயர் எடுத்தார்கள். பட்டியலில் நான் எடுத்தேன். புருஷனுக்கு அங்கே வேலை போனதும், வேறு போக்கிடம் இல்லாமல் மாமியார் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த மாமியார்தான் அன்று மேடையில் சால்வை வாங்கிய தூய்மைப் பணியாளர்களில் ஒருத்தி. அந்த அம்மா கொஞ்சம் தள்ளி நின்று, சால்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது.

"கடைக்குப் போனா, எனக்குப் பின்னாடி நிக்கிறவங்களப் பாத்து என்ன வேணும்னு கேக்குறாங்க டீச்சர். எங்க சித்தி எதுக்க வரும், மேல மோதிருமோன்னு நாந்தான் ஒதுங்கணும். பஸ் கண்டக்டர் மட்டும் டிக்கெட் குடுப்பாரு, அவரு வெளியூரு. சில நேரம் எனக்கே சந்தேகம் வந்துருது. கைய நானே கிள்ளிப் பாத்துக்குவேன்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"ஒரு சந்தேகம் கேக்கவா? எங்க சித்தப்பா என்னைய விட மாட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாராம். ஏற்கனவே செத்துப்போனவளக் கொன்னா கேசு உண்டா டீச்சர்?"

கேஸ் உண்டு என்று சட்டம் தெரிந்த உங்களில் யாராவது சொல்வீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் ஊரே செத்தாள் என்கிறது, ரேஷன் கார்டு செத்தாள் என்கிறது, அரசாங்கப் பட்டியல் செத்தாள் என்கிறது. நாளைக்கு அவளைக் காணோம் என்றால் யார் தேடுவார்கள்? அந்தப் பாதையைச் செப்பனிட்டுக் கொடுத்ததில் என் பேனாவும் சேர்த்தி.

"ஒனக்கு என்ன செய்யணும் சொல்லு" என்றேன்.

"அந்தப் பள்ளிக்கூடத்துலயே நேர்ல வந்து ஓட்டுப் போடணும். உள்ள எம்பேரச் சத்தமா வாசிப்பாங்கல்ல? அத எல்லா ஏஜெண்டும் கேக்கணும். எங்கப்பாவும் கேக்கணும், சித்தப்பாவும் கேக்கணும்."

அந்தச் சித்தப்பாதான் எதிர்க்கட்சிக்கு ஏஜெண்ட். அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. தேர்தலில் அடித்துக்கொள்வார்கள். இந்தப் பெண் விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒரு சுலபமான வழி இருந்தது. புது வாக்காளர் என்று சேர்த்துவிடலாம். பழையதைத் தோண்ட வேண்டாம். யாருக்கும் தெரியாது, கேடயமும் அலமாரியில் இருக்கும். மறுநாள் தாலுகா அலுவலகத்தில் தேர்தல் பிரிவு பார்த்த அதிகாரியிடம் போய் அப்படியே சொன்னேன். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த மனிதர், யாரிடமும் சிரித்துப் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"புதுசா ஒருத்தியச் சேத்தா, பழைய கௌசல்யா செத்தவளாவே இருப்பா. யாராச்சும் கோர்ட்டுல நின்னு, அந்தப் பொண்ணு அப்பவே செத்துப்போச்சு, இவ யாரோன்னு உங்க எழுத்தையே எடுத்துக் காட்டுவான். சால்வை வாங்குனவங்கதானே நீங்க? நான் விசாரிக்காம எழுதிட்டேன்னு உங்க கையாலயே எழுதிக் குடுங்க. அப்பத்தான் அந்தப் பொண்ணு எந்திரிச்சு வரும்."

எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன், அதில் என்ன மறைக்க. விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பதில் கொடுத்தேன். அவள் பெயர் மறுபடி ஏறியது. உறவினர் பெயர் என்ற இடத்தில் புருஷன் பெயர் போடலாமா என்று கேட்டேன். "வேணாம். அப்பா பேரே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். துணிச்சலா, வீம்பா, ஆசையா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வாக்குப்பதிவு நாள். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் மேசை போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். மதியம் ஒரு மணிக்குப் பெரிய தெரு வழியாக அவள் நடந்து வந்தாள். புருஷன் காலையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான், சேர்ந்து வந்தால் வம்பு வரும் என்று அவளேதான் தனியாக வந்தாள். டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. ஒரு பிசிறு இல்லாமல் பேசிக்கொண்டே, எல்லோரும் ஒரே நேரத்தில் முகத்தை வேறு பக்கம் திருப்பினார்கள்.

பெண்கள் வரிசையில் ஆறேழு பேர் இருந்தார்கள். கடைசியில் போய் நின்றாள். பின்னால் வந்த ஒருத்தி அவளைத் தாண்டி முன்னால் போய் நின்றாள். அடுத்து வந்தவளும் அப்படியே. இடித்துக்கொண்டு போகவில்லை, அங்கே காலி இடம் இருப்பதாக நினைத்துச் சாதாரணமாகப் போனார்கள். மூன்றாவது ஆளும் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போனேன்.

"ஏம்மா, இங்க ஒரு ஆளு நிக்கிதுல்ல? பின்னாடி போங்க."

"எங்கிட்டு டீச்சர்?" என்று கேட்டாள் அந்தப் பெண். கேட்டவளுக்கு உதடு நடுங்கியது. அவர்களுக்கும் பயம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசல் வரை அவள் பின்னாலேயே நின்றேன். உள்ளே நுழைந்தாள். வாசலில் இருந்தே எல்லாம் தெரிந்தது. முதல் அலுவலர் ஒரு இளம் பெண், அறந்தாங்கிப் பக்கத்து ஆசிரியை. அட்டையைப் பார்த்து, பட்டியலைப் பார்த்து, வழக்கம்போலச் சத்தமாக வாசித்தார்.

"கௌசல்யா. தகப்பனார் பெயர் பழனிவேலு."

நான்கு ஏஜெண்டுகள் பெஞ்சில் இருந்தார்கள். காலையிலிருந்து ஒவ்வொரு பெயருக்கும் "ம்", "சரி", "அடுத்து" என்று சத்தம் கொடுத்து, தங்கள் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள். ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் பேனாவும் அசையவில்லை. மின்விசிறி மட்டும் கடகடத்தது. அந்த ஆசிரியை இன்னொரு முறை வாசித்தார். குரல் பிசிறியது.

"சார்" என்று தலைமை அலுவலரைக் கூப்பிட்டார். "இவங்க யாருமே நிமிந்து பாக்க மாட்டேங்குறாங்க சார்."

தலைமை அலுவலரும் வெளியூர்க்காரர். எழுந்து வந்தார். பெஞ்சைப் பார்த்தார். "இங்க பழனிவேலுங்கிறது யாரு? நீங்கதானே? இது உங்க பொண்ணுங்களா?"

"எம் மக செத்துப்போச்சுங்க" என்றார் பழனிவேலு, பட்டியலைப் பார்த்தபடி.

"அப்ப இவங்க யாரு?"

"எவங்க?"

அந்தத் தலைமை அலுவலர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒரு நொடி அவருக்கே, தன் முன்னால் ஆள் இருக்கிறதா என்று ஆகிவிட்டது. கௌசல்யா அசையாமல் நின்றாள். கண் முழுவதும் அப்பா மேல்தான். அவர் கண் காகிதத்தைவிட்டு எழும்பவே இல்லை. தலைமை அலுவலர் என்னைக் கையாட்டிக் கூப்பிட்டார்.

உள்ளே போனேன். பிள்ளைகளே, அந்த நான்கடி தூரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சித்தப்பா அப்போதுதான் முதல்முறையாகத் தலை தூக்கினார். என்னைத்தான் பார்த்தார். நாளைக்கும் நான் இந்த ஊருக்குள் வரவேண்டும் என்று அந்தப் பார்வை சொன்னது.

"இந்தப் பொண்ணு பேரு கௌசல்யா" என்றேன். "இந்தா உக்காந்திருக்காரே, இவரு மக. செத்துட்டான்னு சொன்னாங்க, நான் விசாரிக்காம எழுதிட்டேன். தப்பு எந்தப்பு. உசுரோடதான் இருக்கு. கையத் தொட்டுப் பாத்தேன்."

தலைமை அலுவலர் ஏஜெண்டுகள் பக்கம் திரும்பினார். "ஆட்சேபணை இருந்தா ரெண்டு ரூபா கட்டி எழுதிக் குடுங்க. எதுக்க நிக்கிற இந்தப் பொண்ணு கௌசல்யா இல்லைன்னு எழுதணும். நான் விசாரிக்கிறேன்."

அங்கேதான் அவர்கள் மாட்டினார்கள். எதிரே நிற்கிற பெண் என்று எழுதினால், எதிரே ஒரு பெண் நிற்கிறாள் என்று ஆகிவிடும். சித்தப்பா வாயைத் திறந்தார், மூடினார். "இல்லாத ஆளுக்கு என்னத்த எழுதுறது" என்று முனகிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆட்சேபணை இல்ல. போடுங்கம்மா" என்றார் தலைமை அலுவலர்.

விரலில் மை வைத்தார்கள். கையெழுத்துப் போட்டாள். மறைப்புக்குள் போனாள். அந்த இயந்திரம் 'பீ...' என்று நீளமாகக் கத்தியது. அன்று நூற்றுக்கணக்கான தடவை கேட்ட சத்தம்தான். ஆனால் அப்போது பெஞ்சில் இருந்த நான்கு பேருக்கும் தோள் தூக்கிப்போட்டது. வெளியே வந்து விரலைப் பார்த்துக்கொண்டே, வந்த தெரு வழியாகவே திரும்பிப் போனாள்.

சாயங்காலம் பதிவு முடிந்து வாசலை மூடினார்கள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் காட்டிய மொத்தத்தைத் தலைமை அலுவலர் சொன்னார். ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் போட்ட கோடுகளை எண்ணினார்கள். நான்கு பேருக்கும் ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் நான்கு பேருக்கும் அதே ஒன்று. அது யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. விளக்கைப் போடக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை.

"மிசின்தான் தப்பாக் காட்டுது" என்றார் சித்தப்பா.

"மிசின் சரியாத்தாங்க காட்டுது" என்றார் தலைமை அலுவலர்.

பழனிவேலு பேனாவை எடுத்தார். "எனக்கு ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார். பட்டியலைப் புரட்டி, ஒரு இடத்தில் கோடு போட்டார். கோடு கோணலாகப் போனது. பிறகு கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டார். தம்பி அவரைப் பார்த்த பார்வையை நான் இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

நான் மேசையை மடக்கிக்கொண்டிருந்தேன். பழனிவேலு மரத்தடிக்கு வந்தார். எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரத்துக்கு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் என்னை முந்திக்கொண்டார்.

"செத்துட்டான்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன் டீச்சர். ஏன் தெரியுமா? அன்னைக்கு எந்தம்பி ஆளுகளக் கூட்டிக்கிட்டு வண்டிய எடுத்துட்டான், திருப்பூருக்கு. நான் ஓடிப்போயி முன்னாடி விழுந்தேன். எனக்கு மக இல்லடா, செத்துட்டா, காரியம் பண்ணியாச்சு, செத்தவளத் தேடி எங்கடா போறன்னு மொட்டை போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறந்தான் எறங்குனான். செத்தவன்னு இருந்த வரைக்கும் அவள ஒருத்தனும் தொடல. இந்த ஊருக்கே வந்து இருந்தாளே, தொட்டானா? இன்னைக்கு அத்தன பேரு முன்னாடி எந்திரிக்க வச்சுட்டீங்க."

மடக்கின மேசையையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் போகத் திரும்பினார். இரண்டடி போய் நின்று, என் பக்கம் பார்க்காமலே கேட்டார்.

"எளச்சிருக்காளா டீச்சர்? நான் பாக்கல."

அந்த மனிதரைத் திட்ட வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "கொஞ்சம் எளச்சிருக்கு" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. தாலுகா அலுவலக அதிகாரிக்குப் போன் போட்டேன். சிரிக்கத் தெரியாத அந்த மனிதர் பதினைந்து நிமிஷத்தில் ஜீப்போடு வந்தார். கௌசல்யாவையும் புருஷனையும் கூட்டிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷன். சித்தப்பா பெயரைப் போட்டு மனு கொடுத்து, ரசீது வாங்கினோம். இன்றைக்கு ஓட்டுப் போட்ட வாக்காளர் என்று அவர் அழுத்திச் சொன்னார், அவள் மை வைத்த விரலை நீட்டினாள். எழுதிக்கொள்ள மாட்டேன் என்று போலீஸ்காரர்களால் சொல்ல முடியவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டு, இனி அவள் வழிக்குப் போகமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். அவளும் புருஷனும் அந்த வாரமே திருக்கோகர்ணத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துப் போனார்கள்.

நான் எழுதியது தப்பு, அதில் சந்தேகம் இல்லை. திருத்தியது சரியா? அவளைக் கேட்டால் சரி என்பாள், அவள் அப்பாவைக் கேட்டால் தப்பு என்பார். இரண்டு பேர் பயமும் உண்மைதான். நீங்கள் ஒரு பெயரை நீக்கும்போதும் சேர்க்கும்போதும், அந்த வீட்டில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள். சான்றிதழையும் கேளுங்கள், எத்தனை விளக்கு எரிந்தாலும் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும், புதுப் பட்டியல் வந்தால் முதலில் அவள் பெயரைத்தான் தேடுவேன். போன தடவையும் இருந்தது, திருக்கோகர்ணத்து முகவரியோடு. எனக்குப் பட்டியல் மேல் நம்பிக்கை போய்விட்டது, நானே எழுதியதுதானே. டவுன் பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றே பழனிவேலுவுக்குப் போன் போட்டேன்.

"நல்லா இருக்கா. இப்ப எளைப்பு இல்ல" என்றேன்.

"சரிங்க டீச்சர், அடுத்த வாட்டியும் போயிப் பாருங்க" என்றார்.